ஸ்க்ராட்ச் கேமுக்குப் புள்ளி போடலாமா?

கேள்வி: நான் மூதூர்ப் பக்கம் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் ஆசிரியை. எங்கள் பகுதி இளைஞர் கழகம் ஒன்று மாணவர்களுக்கு கேம் செய்யும் போட்டி வைத்திருக்கிறது. பதினொரு கேம்கள் வந்துள்ளன. மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி, ஆனால் நான் கேம் விளையாடுகிற ஆள் இல்லை. யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்த கார் ஓட்டம் ஒன்று பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது. தரம் 9 பிள்ளை ஒருத்தி, திருகோணமலைக் கோட்டையில் திரியும் மான்கள் பொலித்தீன் தின்னாமல் காப்பாற்றுகிற கேமை ஸ்க்ராட்ச் என்ற கருவியில் செய்திருக்கிறாள். அதில் வேலியோரம் ஒரு மான் அசையாமலே நிற்கிறது. இன்னொரு நடுவர், ‘ஸ்க்ராட்ச் சின்னப் பிள்ளைகளின் சாமான், அதைக் கழித்துவிடுவோம்’ என்கிறார். கருவிக்குப் புள்ளி உண்டா? யாருக்கும் அநியாயம் செய்யாமல் எப்படித் தீர்ப்பது?

பதில்: கருவிக்குப் புள்ளி கிடையாது ரீச்சர். ஒன்றுகூட. சட்டியைப் பார்த்துச் சொதிக்குப் புள்ளி போடுகிறவர் யாரும் இல்லை. கேம் போட்டி என்றால் மட்டும் நடுவர்கள் ‘என்ன சட்டி?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

உங்கள் சக நடுவருக்கு மூன்று பெயர்களைச் சொல்லுங்கள். கேம் மேக்கர் என்ற கருவி, நெதர்லாந்துப் பேராசிரியர் மார்க் ஓவர்மார்ஸ் 1999இல் தொடக்கிவைத்தது. கோடிங் தெரியாதவர்களும் பிடித்து இழுத்து வைத்துச் செய்யலாம் என்பதாலேயே ‘பொடியன்களின் சாமான்’ என்று பலர் நக்கலடித்தார்கள். 2015இல் உலகமே கொண்டாடிய ‘அண்டர்டேல்’ அதில் செய்ததுதான். ஆர்பிஜி மேக்கர் என்பது கதையும் சண்டையும் கலந்த கேம்களுக்கான எல்லாவற்றையும் தயாராகத் தருகிற ஜப்பானியப் பொதி. 2011இல் வந்த ‘டு த மூன்’ அந்தப் பொதியை எடுத்து, சண்டையைக் கிட்டத்தட்ட முழுதாகத் தள்ளிவிட்டு, ஒரு கிழவரின் கடைசி ஆசையை மட்டும் சொல்லி ஆட்களை அழவைத்தது. 2024இல் பெரிய கம்பனிகளின் கேம்களோடு சரிசமமாகப் பரிசுப் பட்டியல்களில் நின்ற ‘பலாட்ரோ’, லவ் என்கிற சின்ன இலவசக் கருவியில் ஒரே ஆள் எழுதியது. ஸ்க்ராட்ச், அமெரிக்காவின் எம்ஐடி 2007இல் பிள்ளைகளுக்காக வெளியிட்டது. பிள்ளைகளுக்காகச் செய்த கருவியில் ஒரு பிள்ளை கேம் செய்தால் அதில் என்ன குற்றம்?

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு மாணவர் போட்டிக்கு நடுவராகப் போனேன். கையில் தந்த புள்ளித்தாளில் ‘தொழினுட்பச் சிக்கல்தன்மை’க்கு 30 புள்ளி. ‘விளையாட நன்றாக இருக்கிறதா’ என்று ஒரு வரிகூட இல்லை. நாங்கள் மூவரும் ஒரு கேமையும் தொடவில்லை. பிள்ளைகள் திரையில் படம் காட்டி விளக்கினார்கள், நாங்கள் கூட்டிக் கையெழுத்து வைத்தோம், தேநீர் குடித்துவிட்டு வந்தோம். அடுத்த மாதம், முதற்பரிசு பெற்ற அதே கேம் வேறு பெயரில், வேறு நாட்டுக்காரர் போட்டதாக என் போனில் விளம்பரத்தில் ஓடியது. அதே வீதி, அதே பெட்டிகள், அதே சத்தம். ஏற்பாடு செய்தவர்களிடம் சொன்னேன். ‘சேர், சான்றிதழ் அச்சடித்தாகிவிட்டது’ என்றார்கள்.

அதனால் முதல் வேலை, விளையாடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். நீங்கள் கேம் விளையாடாதவர் என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம், இந்த வேலைக்கு அது நல்ல தகுதி. செய்த பிள்ளை பக்கத்தில் நின்று ‘இதை அமத்துங்கோ ரீச்சர், இப்ப பாயுங்கோ’ என்று சொல்ல விடாதீர்கள். யாரும் சொல்லாமல் என்ன செய்வதென்று ஒரு நிமிடத்துக்குள் உங்களுக்குப் பிடிபட்டதா? தோற்றபோது ‘இன்னொரு தரம்’ என்று கை தானாகப் போனதா, அல்லது ‘சரி, போதும்’ என்று இருந்ததா? தோற்றது உங்கள் பிழையால் என்று பட்டதா, கேம் ஏமாற்றியது என்று பட்டதா? இந்த மூன்றும் தெரிந்தால் முக்கால்வாசி தெரிந்தமாதிரி. போன் கேம் என்றால் நடுவரின் புதுப் போனில் பார்க்காதீர்கள், வீட்டில் கிடக்கும் பழைய போனில் போடுங்கள். அப்புறம் உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் அவள் முகத்தைப் பாருங்கள்.

புள்ளித்தாளை மாற்ற விடுவார்களானால் நான் போடுவது இப்படி: விளையாடும் சுவைக்கு 40, சொல்லாமலே விளங்குவதற்கு 20, சொந்த யோசனைக்கு 20, படமும் ஒலியும் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு 10, நடுவில் நின்றுபோகாமல் முடிவுவரை ஓடுவதற்கு 10. சிறியதாக இருந்தாலும் முடிந்த கேம், பெரியதாகத் தொடங்கிப் பாதியில் நிற்கும் கேமைவிட மேல். ‘லூடம் டேர்’ என்று 2002 முதல் நடந்துவரும் கேம் போட்டியில் செய்தவர்களே ஒருவர் கேமை ஒருவர் விளையாடிப் புள்ளி போடுவார்கள். சுவை, புதுமை, படம், ஒலி என்று தலைப்புகள் உண்டு. எஞ்சினுக்கென்று, அதாவது கேம் செய்த கருவிக்கென்று, ஒரு தலைப்பு அங்கே இல்லை.

இனி அந்தக் கார் ஓட்டம். அதைப் பார்க்காமல் அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ‘பார்க்கப் பிரமாதம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மூக்கு அரிக்கிறது. யூனிட்டிக்கு அசெட் ஸ்டோர் என்று ஒரு கடை உண்டு. கார், வீதி, கட்டடம், ஓடுகிற முறை எல்லாம் அங்கே விலைக்கும் சும்மாவும் கிடைக்கும். அதில் வாங்குவது குற்றமில்லை, பெரிய கம்பனிகளும் வாங்குகின்றன. பிழை எங்கே என்றால், முழுக் கேமையே டெம்ப்ளேட்டாக, அதாவது தயார் அச்சாக, வாங்கி, பெயரையும் நிறத்தையும் மாற்றி, கடற்கரை வீதிப் படம் ஒன்றைப் பின்னால் ஒட்டி, ‘திருகோணமலை ரேசிங்’ என்று கொண்டுவருவதில். இதைப் பிள்ளைகள் தாங்களாகச் செய்வது குறைவு. பெரும்பாலும் ஒரு வகுப்புக்காரர் பின்னால் இருப்பார்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, தொழினுட்பம் எதுவும் தேவையில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, கோப்பைத் திறக்கச் சொல்லி, உங்கள் முன்னால் ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். ‘காரை இரண்டு மடங்கு வேகமாக்கு.’ ‘மரத்தில் மோதினால் ஒரு உயிர் குறையட்டும்.’ தானே செய்த பிள்ளைக்கு இது ஐந்து நிமிட வேலை, சந்தோசமாகச் செய்து காட்டும். வாங்கி வந்த பிள்ளை எந்தக் கோப்பு என்று தேடிக்கொண்டே இருக்கும். எல்லாரையும் கேளுங்கள், காரை மட்டும் கேட்டால் அது விசாரணையாகிவிடும். இலவசப் படம், ஒலி எடுத்திருந்தால் எங்கிருந்து என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தவருக்கு ஒரு புள்ளியும் குறைக்க வேண்டாம்.

கருவிக்குப் புள்ளி இல்லை என்றேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ‘எதில் செய்தாய்?’ என்று கேட்கத்தான் வேண்டும், அது தமிழ் எழுத்து. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் கொழும்பிலிருந்து வரும் எந்தப் புள்ளித்தாளிலும் இது இருக்காது. ‘கோ’ என்று நாம் எழுதும்போது கணினி முதலில் ‘க’வையும் அதன் பின்னால் குறியையும் சேமித்து வைக்கிறது. திரையில் காட்டும்போதுதான் கொம்பை முன்னுக்குக் கொண்டுவந்து, காலைப் பின்னுக்கு வைக்கிறது. இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத எஞ்சின்கள் நிறைய. யூனிட்டியில் வழக்கமாக எழுத்துக்குப் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ அதைச் செய்யாது. கொடோ என்ற இலவச எஞ்சினின் மூன்றாம் பதிப்பும் செய்யாது, 2023இல் வந்த நான்காம் பதிப்பு செய்யும். ஆர்பிஜி மேக்கர் எம்வி ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக வரைவதால் கொம்பும் விசிறியும் புள்ளி வட்டத்தோடு அந்தரத்தில் நிற்கும். ஸ்க்ராட்ச் உலாவியில் ஓடுவதால் பாத்திரங்கள் பேசும் குமிழியில் தமிழ் ஒழுங்காக வரும். ஆம், அந்தச் சின்னப் பிள்ளைச் சாமானில்தான்.

‘திருகோணமலை’ என்ற சொல்லையே எடுங்கள். ‘ரு’ உடையும், ‘கோ’ உடையும், கடைசி ‘லை’யும் உடையும். நம் ஊர்ப் பெயரைப்போல ஒரு சோதனைச் சொல் வேறு கிடைக்காது. நிலாவெளியைப் போட்டால் ‘வெ’ மட்டும்தான் சிரமப்படுத்தும், கன்னியா பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆகவே திரையில் தமிழ் சிதைந்திருந்தால் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்றோ கவனமில்லை என்றோ வெட்ட வேண்டாம். எந்தக் கருவி என்று கேட்டு, இந்த நோய்தானா என்று பாருங்கள். அதே சிரமம் உள்ள கருவியில் ஒருவர் ஒழுங்கான தமிழ் காட்டியிருந்தால், எப்படி என்று கட்டாயம் கேளுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவைப் போட்டிருப்பார், அல்லது வசனங்களைப் படமாக வரைந்து ஒட்டியிருப்பார். யுனிகோட் வந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் பாமினியா என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். பாமினியில் கொம்பு தனி எழுத்தாகவே முன்னால் தட்டப்படுவதால் எஞ்சின் எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. அது தந்திரம், அதற்கு நான் புள்ளி கொடுப்பேன். சிதைந்த தமிழோடு விட்டவருக்கு முழுப்புள்ளி கொடுக்கவும் மாட்டேன், ஏனென்றால் வாசிக்க முடியாத வசனம் விளையாடுகிறவருக்கு வசனமே இல்லை. ஆங்கிலத்திலேயே எழுதித் தப்பித்தவர்களுக்கு? கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முடிவு அறிவித்த அடுத்த நாளே வென்ற பிள்ளைகளின் வீட்டுக்கு அழைப்பு வரும். ‘கேமை பிளே ஸ்டோரில் போட்டுத் தருகிறோம், ஐம்பதாயிரம் மட்டும்.’ பெற்றோர் நகையை அடகு வைக்கும் முன் இதைச் சொல்லுங்கள். கூகிள் பிளேயில் கேம் போடும் கணக்குக்கு ஒரே ஒரு முறை 25 டொலர். கணக்குத் திறப்பவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஆகவே அம்மா அல்லது அப்பா பெயரில் திறக்கலாம். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும். இந்தப் பன்னிரண்டு பேரைத்தான் இடைத்தரகர்கள் பூச்சாண்டியாகக் காட்டுகிறார்கள். ‘உங்களால் முடியாது, எங்கள் கணக்கில் போடுவோம்.’ ஒரு வகுப்பறையில் முப்பது பிள்ளைகள் இருக்கும்போது பன்னிரண்டு பேர் என்ன பெரிய விசயம்? அவர்கள் கணக்கில் போனால் கேம் அவர்களுடையதாகத்தான் தெரியும், விளம்பரக் காசும் அவர்களுக்கே போகும், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தவும் பிள்ளை அவர்கள் காலில் விழ வேண்டும். போனுக்கு அவசரமில்லை என்றால் இட்ச் என்ற கேம் தளத்தில் போடச் சொல்லுங்கள். அங்கே கேம் போடக் கட்டணமே இல்லை.

அதே ஆட்கள் நடத்தும் ‘யூனிட்டி டிப்ளோமா’வும் உண்டு. யூனிட்டி, கொடோ, ஸ்க்ராட்ச் மூன்றையும் படிக்கச் சதமும் செலவில்லை. யூனிட்டி ஒன்றே எதிர்காலம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, 2023 செப்டம்பரில் யூனிட்டி கம்பனி, ஒரு அளவுக்கு மேல் ஓடும் கேம்களுக்கு அவை நிறுவப்படும் ஒவ்வொரு தடவையும் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தது. உலகம் முழுக்கக் கேம் செய்பவர்கள் கொதித்தெழுந்தார்கள், நிறையப் பேர் கொடோவுக்குப் போனார்கள், ஒரு வருடம் கழித்துக் கம்பனி அதைக் கைவிட்டது. அந்த ஒரு வருடமும் இங்கே டிப்ளோமாக் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை.

போட்டிக்கு முதல் நாளே பதினொன்றையும் ஒரே கணினியில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். மண்டபத்து இணையத்தை நம்பி எந்தக் கேமையும் விட வேண்டாம். ஸ்க்ராட்ச் கோப்புகளையும் இறக்கி வையுங்கள், இணையம் இல்லாமல் ஓட்டுவதற்கு அதற்குத் தனி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மான் கேமுக்கு எத்தனை புள்ளி என்று விளையாடாமல் என்னால் சொல்ல முடியாது. வேலியோரம் அசையாமல் நிற்கும் அந்த மான், கோடிங் பிழையா அல்லது ஏற்கனவே பொலித்தீன் தின்ற மானா என்பதைப் புள்ளி போடும் முன் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.