சிவப்புச் சீனி போட்ட கேக் என்றால் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு வருடமாகச் சீனி வருத்தம். மெட்ஃபோமினும் கிளிக்ளசைட்டும் எடுக்கிறேன். கடைசி எச்பிஏ1சி (மூன்று மாத இரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும் சோதனை) 7.6. மகள் வீட்டில் கேக் அடித்து ஓடருக்குக் கொடுக்கிறாள். "உங்களுக்கு வெள்ளைச் சீனி வேண்டாம் அம்மா, சிவப்புச் சீனியோ கித்துள் கருப்பட்டியோ போட்டுச் செய்கிறேன்" என்கிறாள். சாப்பிடலாமா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகள் அக்கறையாகத்தான் சொல்கிறார். ஆனால் வெள்ளையோ சிவப்போ, இரத்தத்துக்குள் போனபிறகு இரண்டும் ஒன்றுதான். பெல்வத்தை, செவனகலை ஆலைகளில் இருந்து வருகிற சிவப்புச் சீனியில் கரும்புப் பாகின் மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. நிறமும் வாசமும் அதனால் வருவதுதான். மற்றபடி 100 கிராமில் 95 கிராமுக்குக் குறையாமல் அதே சுக்ரோஸ். கிராமுக்கு அதே 4 கலோரி. இரும்புச்சத்து உண்டு என்பார்கள். உண்டு, ஆனால் அதை நம்பி இருப்பதைவிட ஒரு பிடி முருங்கை இலை வறுத்துச் சாப்பிடலாம். ஐசிங் சீனி என்பது சீனியைத் தூளாக்கிச் சிறிது சோள மா கலந்தது. காஸ்டர் சீனி பொடிக் குறுணி, அவ்வளவுதான்.

கருப்பட்டிதான் ஆளை ஏமாற்றுவது. "சீனியே தொடுவதில்லை டொக்டர்" என்று சொல்பவரிடம் கொஞ்சம் துருவிக் கேட்டால், நாளுக்கு நாலு பிளேன்ரீ, ஒவ்வொன்றுக்கும் கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி என்று வரும். அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். போதாததற்கு, கித்துள் என்று விற்கிற பலதில் வெள்ளைச் சீனியையே காய்ச்சிக் கலந்திருப்பார்கள். பனங்கட்டி, கித்துள் பாணி, தேன் எல்லாவற்றையும் சீனிக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

சரி, கேக்குக்கு வருவோம். வழக்கமான பட்டர் கேக்கில் பட்டர், சீனி, கோதுமை மா மூன்றும் 250 கிராம் என்று வையுங்கள். 20 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் பன்னிரண்டரை கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டி. மாவிலிருந்து இன்னும் 9 கிராம் போல மாச்சத்து வரும். அதுவும் குளுக்கோஸாகத்தான் முடியும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சீனியை 175 கிராமாகக் குறைத்தால் துண்டுக்கு 9 கிராமுக்குக் கீழே இறங்கிவிடும். கேக் கொஞ்சம் வெளிறும், மென்மை சற்றுக் குறையும், ஆனால் கெட்டுப்போகாது. கிறிஸ்மஸ் கேக்கில் இன்னும் துணிந்து குறைக்கலாம். பிளம்ஸும் பூசணி தோசியுமே போதுமான இனிப்பு.

முழுச் சீனியையும் எடுத்துவிட்டு இனிப்பு மாத்திரை போடச் சொல்ல மாட்டேன். பட்டரோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைப்பதும், கேக்கை ஈரமாக வைத்திருப்பதும், மேல்பக்கம் சிவக்க வைப்பதும் சீனியின் வேலை. மாத்திரை அதைச் செய்யாது. அஸ்பார்டேம் என்றால் அவணின் சூட்டில் இனிப்பும் போய்விடும்.

ஆகவே சாப்பிடலாம்: சீனி குறைத்த கேக், இரண்டு விரல் அகலத் துண்டு, வாரத்தில் ஒரு நாள், சாப்பாட்டோடு. அன்றைக்குச் சோறு ஒரு அகப்பை குறையட்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிட முன்னும், இரண்டு மணித்தியாலம் கழித்தும் குத்திப் பார்த்து எழுதி, அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. கிளிக்ளசைட் எடுப்பவர்களுக்குச் சீனி சட்டென்று இறங்கிவிடலாம். கை நடுங்கி, வியர்த்து, மீட்டர் 70 mg/dLக்குக் கீழே காட்டினால் கேக்கைத் தேடாதீர்கள். சீனி உறிஞ்சப்படுவதைக் கேக்கிலுள்ள பட்டர் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அந்த நேரம் வெள்ளைச் சீனிதான் மருந்து. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் அதே அளவு இன்னொரு தடவை.