டாங்க் மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

கேள்வி: என் நாட்டுப்படகில் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். காலையில் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்கிறது. அரை மணி நேரம் ஓடியதும் மெல்லத் தணிந்து நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டுச் சுற்றினால் மறுபடி ஓடுகிறது. ஒரு மெக்கானிக் டீசல் பம்பை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், பாம்பன்

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்காதீர்கள். ரிங் தேய்ந்த இன்ஜின் காலையில் ஒரே சுற்றில் பிடிக்காது. சுற்றுகிறவரின் தோள்பட்டைதான் கழன்றுபோகும். பம்ப் தேய்ந்திருந்தால், சூடான இன்ஜினை மறுபடி கிளப்புவதுதான் பெரும்பாடாக இருக்கும். உங்கள் இன்ஜினுக்குப் பசி, தம்பி. டீசல் போய்ச் சேரவில்லை.

அடுத்த முறை தணியத் தொடங்கும்போது டாங்க் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, இன்ஜின் மறுபடி நிமிர்ந்தால் வேலை முடிந்தது. மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. டீசல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று அந்தத் துளை வழியாகத்தான் வர வேண்டும். நம் கரையில் அதில் உப்பு ஏறி அடைத்துவிடும். சில படகுகளில் பெயின்ட் அடித்தே அடைத்திருப்பார்கள். நின்ற பிறகு மூடி இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிவதால்தான் பத்து நிமிடத்தில் உயிர் வருகிறது. டாங்கை நிறைய நிரப்பிய நாளில் இன்னும் சீக்கிரம் நின்றதா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. டீசலுக்கு மேலே காற்று குறைவாக இருந்தால் டாங்க் சீக்கிரம் இறுகிவிடும்.

இதை நான் கற்றது அவமானப்பட்டுத்தான். மண்டபம் கரையில் ஒரு வல்லத்துக்கு இரண்டு நாள் பம்பைப் பிரித்துக் கோத்தேன். டாங்கை ஒதுக்கிவிட்டு, பாட்டிலில் டீசல் ஊற்றித் தொங்கவிட்டுச் சோதித்ததால் கரையில் மணிக்கணக்காக ஓடியது. கடலுக்குப் போனால் நின்றது. கடைசியில் பார்த்தால், டீசலில் அலைத்தண்ணீர் தெறிக்கக் கூடாது என்று மூடிக்கு மேல் பாலிதீன் பையைப் போட்டு, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தார் படகுக்காரரின் மகன். கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

துளையை மெல்லிய கம்பியால் குத்தி, டீசலிலேயே கழுவுங்கள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடாதீர்கள்.

'உஸ்' சத்தம் வரவில்லையா? பில்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு வாளியில் விடுங்கள். தாரையாக விழ வேண்டும். நூலாக இறங்கினால் டாங்க் அடியிலோ குழாயிலோ அழுக்கு. நன்றாக விழுந்தால் பில்டரை மாற்றுங்கள். விழுந்த டீசலில் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகைக் கட்டிப்போடும் விசைப்படகுக்காரர்கள், மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அரைகுறையாக நிரம்பிய டாங்க் உள்ளே வேர்க்கும்.) குழாயை மாட்டிய பிறகு, பம்பின் காற்று எடுக்கும் திருகைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை விட்டு, பிறகு முடுக்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரர் படகில் ஒரு வாரமாகக் கறுப்புப் புகை. வேகமும் குறைந்துவிட்டது. டீசலைப் பீய்ச்சும் நாசிலைப் புதிதாகப் போட்டும் மாறவில்லை.
- வாசகி, தேவிபட்டினம்

பதில்: படகைக் கரையில் ஏற்றி, அடியில் படகைத் தள்ளும் காற்றாடியைப் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா. அறுந்த நைலான் வலை அதன் தண்டில் சுற்றியிருந்தால், இன்ஜின் சுமை தாங்காமல் கறுப்பாகத்தான் கக்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் காற்று வடிகட்டி. பழைய நாசிலைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?