எழுதப் படிக்கத் தெரியாத அண்ணனுக்கு வேலை வாய்ப்பு எப்படி இருக்கும்?

கேள்வி: என் அண்ணனுக்கு 41 வயது. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எண்கள் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. பல ஆண்டுகளாகப் பெயின்டராக இருக்கிறார். அண்மையில் ஒப்பந்ததாரர் அவரை மேற்பார்வையாளராக நியமிக்க விரும்பியபோது, காரணம் எதுவும் சொல்லாமல் மறுத்துவிட்டார். அவருக்கு வேறு என்ன வேலை பொருந்தும்? மருந்து, வங்கி போன்றவற்றை அவர் எப்படிச் சமாளிப்பது? இந்த வயதில் படிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: அண்ணன் பதவி உயர்வை மறுத்தார் என்பதைவிட, காரணம் சொல்லாமல் மறுத்தார் என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். கைத்திறன் உள்ளவர்களுக்கு எழுத்தறிவு இல்லாமலேயே வேலை கிடைத்துவிடுகிறது. ஆனால் அதே வேலையில் வருகைப் பதிவேடு, பொருள் பட்டியல், அளவுக் குறிப்பு என்று தாள் நுழையும் கட்டத்தில் அவர்கள் தாமாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். ‘கண்ணாடி கொண்டுவரவில்லை, வீட்டில் வைத்துப் பார்க்கிறேன்’ என்று படிவத்தை மடித்து வாங்கிச் செல்வதும், இன்னொருவர் எழுதுவதைப் பார்த்துவிட்டுப் பிறகு எழுதுவதாகச் சொல்வதும் இந்த ஒதுங்கலின் வடிவங்களே. இப்படி மறைப்பதற்குச் செலவாகும் கவனமும் அச்சமும்தான் அவர்களை அதிகம் களைப்படையச் செய்கின்றன.

இந்த நிலையில் இருப்பவர் உங்கள் அண்ணன் மட்டும் அல்லர். அடிப்படை எழுத்தறிவு இல்லாத பெரியவர்கள் உலகில் ஏறத்தாழ 73.9 கோடி பேர் என்று 2024ஆம் ஆண்டுக்கான யுனெஸ்கோ மதிப்பீடு கூறுகிறது. அவர்களில் மூன்றில் இரு பங்கினருக்கு நெருக்கமானோர் பெண்கள். இதைச் சொல்வது ஆறுதலுக்காக மட்டும் அன்று. தான் ஒருவன்தான் இப்படி இருக்கிறோம் என்ற எண்ணம் நீங்கினால்தான் அவர் உங்களிடமாவது மனம் திறந்து பேசுவார்.

வேறு வேலை என்று பார்த்தால் கொத்து வேலை, தச்சு, தையல், சமையல், தோட்டப் பராமரிப்பு, கால்நடை வளர்ப்பு போன்றவற்றில் செய்து காட்டிக் கற்பிக்கும் மரபு இன்னும் உள்ளது. எளிது என்று பொதுவாக நினைக்கப்படும் சில வேலைகளோ இவருக்குக் கடினமானவை. காவலாளி வந்து போகிறவர்களின் பெயரைக் குறிக்க வேண்டும். பொருள் விநியோகிப்பவர் முகவரியைப் படிக்க வேண்டும். கிடங்கில் இருப்பவர் பெட்டிகளின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்குப் பல நாடுகளில் எழுத்துத் தேர்வு உண்டு, சில இடங்களில் மட்டும் கேள்விகளைக் காதால் கேட்டு விடை சொல்லும் வசதி இருக்கிறது. ஆகவே இத்தனை ஆண்டுத் திறனைக் கைவிட்டு அவர் வேறு துறைக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் செய்து முடித்த வேலைகளைத் தொடக்கத்திலும் முடிவிலும் படம் எடுத்துக் கைபேசியில் சேர்த்து வைத்தால், அடுத்த வேலை கேட்கும் இடத்தில் எழுத்துச் சான்றை விட அது நன்றாகப் பேசும். அனுபவத்தால் பெற்ற திறனைச் செய்முறைத் தேர்வின் மூலம் மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் திட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள்.

மேற்பார்வையாளர் வேலையைக் கூறுகளாகப் பிரித்துப் பாருங்கள். சுவரைப் பார்த்துப் பரப்பளவைக் கணிப்பது, எத்தனை லிட்டர் வண்ணம் வேண்டும் என்று சொல்வது, எந்த ஆளை எந்த வேலைக்கு அனுப்புவது, எந்தப் பூச்சு காயவில்லை என்று தொட்டுச் சொல்வது ஆகிய அனைத்தும் அவருக்கு ஏற்கெனவே கைவந்தவை. வண்ண டப்பாவில் உள்ள நிற எண்ணைக்கூட அவர் எண்ணாகவே அடையாளம் காண்பார். எஞ்சுவது வருகைப் பதிவும் பொருள் கணக்கும் மட்டுமே. காலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து ஒரு படம், இறங்கிய பொருள்களுக்கு ஒரு படம், பற்றுச்சீட்டுக்கு ஒரு படம், கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி என்று அனுப்பினால், தேதியும் நேரமும் தாமாகவே பதிவாகிவிடும். அதை ஏட்டில் ஏற்றும் வேலையை அலுவலகத்தில் இருப்பவரோ இளைய தொழிலாளி ஒருவரோ செய்யலாம்.

இதற்கு அவர் ஒப்பந்ததாரரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வேலை கொடுப்பவரிடமும் உடன் நிற்கும் நம்பிக்கையான ஒருவரிடமும் சொன்னால் போதும். பாதுகாப்புக்காகவும் இதை வலியுறுத்துகிறேன். தின்னர் போன்ற கரைப்பான்களின் எச்சரிக்கையைப் படிக்க முடியாது என்பதை மேலே இருப்பவர் அறிந்திருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் அவை 2003இல் வெளியிட்ட முறைப்படி, ஆபத்தான வேதிப்பொருள்களின் மேல் சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் படங்கள் அச்சிடப்படுகின்றன. மொத்தம் 9 படங்கள்தாம். தீச்சுடர் என்றால் தீப்பற்றும், மண்டை ஓடு என்றால் கடும் நஞ்சு, கையின் மீது துளி விழும் படம் என்றால் தோலை அரிக்கும் என்பவை எளிதில் புரிந்துவிடும். மார்பில் நட்சத்திரம் போல் வெடிப்புள்ள மனித உருவம் மட்டும் பார்த்தவுடன் புரியாது. நுரையீரல் முதலிய உறுப்புகளுக்கு நாளடைவில் ஏற்படும் தீங்கை அது குறிக்கிறது. இந்த 9 படங்களையும் ஒரே மாலையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

அன்றாட வாழ்வில் நான் அதிகம் கவலைப்படுவது மருந்தைப் பற்றித்தான். 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ‘இரண்டு மாத்திரை, தினமும் இருமுறை’ என்ற குறிப்பை எழுத்தறிவு குறைந்த நோயாளிகளில் சுமார் 71 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு நாளைக்கு உரிய மாத்திரைகளை எண்ணி எடுத்துக் காட்டச் சொன்னபோது சுமார் 35 சதவீதம் பேர்தான் சரியாகக் காட்டினார்கள். எனவே ‘புரிந்ததா?’ என்று கேட்டு அவர் தலையாட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். மருந்துக் கடையிலேயே, காலைக்கு உரியதையும் இரவுக்கு உரியதையும் அவரே கையில் எடுத்துக் காட்டட்டும். அட்டையின் மீது சூரியன், நிலா என்று பேனாவால் வரைந்துகொள்ளலாம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மருந்துகளை ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, ரகசிய எண்ணையும் ஓ.டி.பி.யையும் உதவிக்கு வருபவரிடம் சொல்லாதிருப்பது முதல் விதி. எண்கள் தெரிந்தவர் என்பதால், அட்டையைப் பிறரிடம் கொடுக்காமல் இயந்திரத்தை இயக்க அவர் பழகிக்கொள்ள முடியும். கைநாட்டு வைப்பதற்கு முன், அந்தத் தாளால் எந்த ஆதாயமும் இல்லாத ஒருவர் அதை முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். வெற்றுத்தாளிலும், பாதி நிரப்பிய படிவத்திலும் எந்த நெருக்கடியிலும் கைநாட்டு வைக்கக் கூடாது. கையெழுத்திட்ட பிறகு நகலைப் படம் எடுத்துக்கொள்வது அவருடைய உரிமை, அதைக் கேட்க அவர் தயங்க வேண்டியதில்லை.

கைபேசி இப்போது பெருந்துணை. கூகுள் லென்ஸ் மூலம் ஒரு பலகையையோ கடிதத்தையோ படம் பிடித்து உரக்க வாசிக்கச் செய்யலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வசதி உண்டு. கையால் எழுதியதை இவை தவறாக வாசிக்கக்கூடும் என்பதால், மருந்துச் சீட்டுக்கு மட்டும் இவற்றை நம்ப வேண்டாம்.

இந்த வயதில் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு என் பதில், ஐயமின்றி முடியும் என்பதே. நரம்பியலாளர் ஸ்டனிஸ்லாஸ் தெஹேனின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், பிரேசில், போர்ச்சுகல் நாடுகளைச் சேர்ந்த 63 பேரின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தது. சிறு வயதில் பள்ளி செல்லாமல் பெரியவர்களான பிறகு படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். எழுத்தைக் கண்டு செயல்படும் மூளைப் பகுதியின் மாற்றங்களில் பெரும்பாலானவை அவர்களிடமும் ஏற்பட்டிருந்தன. முதலில் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். நாற்பதை ஒட்டி அருகுப் பார்வை மங்கத் தொடங்குவது இயல்பு. கண்ணாடி இல்லாமல் பாடத்தில் உட்கார்ந்துவிட்டு, தமக்கு அறிவு போதவில்லை என்று முடிவுகட்டிப் போய்விடுபவர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் படித்த காலத்தில் எழுத்துகள் குழம்பியதாக அவர் சொன்னால், கற்றல் குறைபாடு உள்ளதா என்றும் நிபுணரிடம் கேட்டுப் பாருங்கள்.

குழந்தைகளுக்கான அரிச்சுவடியோடு தொடங்க வேண்டாம். அவர் பெயர், உடன் வேலை செய்பவர்களின் பெயர்கள், மருந்து, வழி, ஆபத்து என்று அவர் கண்ணில் தினமும் படும் சொற்களிலிருந்து தொடங்குங்கள். ‘மருந்து’ என்ற சொல் பழகிவிட்டால் அதிலுள்ள ‘ம’வையும் ‘ரு’வையும் வேறு சொற்களில் அவரே தேடிப் பிடிப்பார். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டதே என்று அங்கேயே நிறுத்திவிடுவதுதான் பெரியவர்களின் கல்வியில் அடிக்கடி நேரும் தவறு. ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தால் வரியின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் நினைவில் இருக்காது; பொருள் விளங்காத வாசிப்பை யாரும் தொடர மாட்டார்கள். வேகம் கூடும் வரை ஒரே சிறு பத்தியைத் திரும்பத் திரும்ப உரக்கப் படிக்க வேண்டும். நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்கினால் சில மாதங்களில் பலகைகளையும் பெயர்களையும் படித்துவிடுவார். சரளமாகப் படிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கற்பிப்பவர் அவருடைய பிள்ளைகளாக இல்லாதிருப்பது நல்லது. பலருக்கு அது கூச்சத்தைக் கூட்டிவிடுகிறது.

ஒப்பந்ததாரரிடம் ‘முடியாது’ என்று சொன்ன பதிலை அண்ணன் மாற்றிக்கொள்ள இன்னும் காலம் கடந்துவிடவில்லை. இரண்டு மாதம் சோதனையாக அந்தப் பொறுப்பை ஏற்கிறேன், எழுத்து வேலைக்கு மட்டும் ஒருவரைத் துணைக்குத் தாருங்கள் என்று அவர் கேட்கட்டும். பெயர்களைப் படிக்கத் தொடங்கியதும் வருகைப் பதிவேட்டைத் தாமே எடுத்துக்கொள்ளலாம். பொருள் பட்டியல் அதற்குப் பிறகு வரட்டும்.