முதலில் ஒரு பெட்டியை மட்டும் திறவுங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ரேடியோ, டேப் ரிக்கார்டர், ஸ்பீக்கர் எனப் பழுது பார்த்தே தலை நரைத்தவன் நான். ஹைஃபை ஸ்பீக்கரை வீட்டிலேயே திறந்து மெருகேற்ற ஆசைப்படுகிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கீழக்கரையிலிருந்து: வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த ஜோடி ஸ்பீக்கர். பாஸ் எனும் அடிக்குரலைப் பாடும் வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் தொட்டாலே கரித்தூளாக உதிர்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். போடலாமா?

போட்டுவிடாதீர்கள், தம்பி. காந்தமும் அதன் இடுக்கில் ஆடும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலும் நன்றாக இருந்தால் கெட்டது அந்த வளையம் மட்டும்தான். பாலியூரித்தேன் ஃபோம் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதையும் பொருள். நம் கரையில் அதற்கு ஆயுள் இன்னும் குறைவு. ரப்பர் வளையம் போட்ட வூஃபர்கள் இதைவிட நெடுநாள் தாங்கும்.

முதலில் சோதியுங்கள். வூஃபரின் காகிதக் கூம்பான கோனின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். கரகரவென்று உரசினால் வாய்ஸ் காயில் சாய்ந்திருக்கிறது, அல்லது இடுக்கில் துரு ஏறியிருக்கிறது. உரசாவிட்டால் வேலை எளிது. கோனின் விட்டம், சட்டத்தின் உள்விட்டம், வெளிவிட்டம் மூன்றையும் அளந்து அதற்கேற்ற வளையம் வாங்குங்கள். பழைய பசையைச் சுரண்டியெடுப்பதில்தான் பாதி நாள் போகும். அங்கே அவசரப்பட்டால் காகிதக் கோன் கிழியும். நொடியில் ஒட்டும் பசை வேண்டாம். கொஞ்ச நேரம் நகர்த்திச் சரிசெய்ய இடம் தருகிற பசைதான் தேவை. நடுவிலுள்ள தூசி மூடியைக் கழற்றி, காயிலைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகி நடுநிலைப்படுத்திய பிறகே வளையத்தை ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைத் தொடங்காதீர்கள்.

பாம்பனிலிருந்து: வலது பக்கம் விட்டுவிட்டுக் கேட்கிறது. வயரை ஆட்டினால் சரியாகிவிடுகிறது. கிராஸ்ஓவர் போய்விட்டதா?

வூஃபருக்கும் கீச்சொலி பாடும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரைத் தொடவே வேண்டாம். வயரின் முனையைப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும். உப்புக்காற்று செம்பைத் தின்கிற அடையாளம் அது. இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு, பளபளக்கும் செம்பு தெரிந்ததும் முனைக்கு ஈயம் பூசிச் செருகுங்கள். முலாம் பூசிய டெர்மினலை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். முலாம் போனால் துரு இன்னும் வேகமாக ஏறும்.

ராமநாதபுரத்திலிருந்து: இருபது வருடப் பழைய கிராஸ்ஓவரில் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களைக் கழற்றி, விலை உயர்ந்த ஃபிலிம் கெபாசிட்டர் போட்டேன். இப்போது ‘ச’ என்ற எழுத்து வந்தாலே காதில் குத்துகிறது. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. ஆனால் இரண்டு பெட்டியையும் ஒரே நாளில் மாற்றிவிட்டீர்கள், அதுதான் தவறு. இதே தவறை நானும் ஒரு காலத்தில் செய்து, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஒலியே இல்லாமல் ஒரு மாதம் குழம்பினேன். ஒரு பெட்டியை மட்டும் மாற்றி, ஆம்ப்ளிஃபயரை மோனோவில் (இரு பெட்டியிலும் ஒரே ஒலி) வைத்து, பேலன்ஸ் குமிழை இடமும் வலமும் திருப்பிக் கேட்டிருந்தால் ஐந்தே நிமிடத்தில் விடை தெரிந்திருக்கும்.

காரணம் இரண்டில் ஒன்று. பழைய எலக்ட்ரோலிடிக்குக்குள் இருக்கும் ஈரக் கலவை காய்ந்து போய் ட்வீட்டரின் ஒலி மங்கியிருக்கலாம். அந்த மங்கலுக்கே உங்கள் காது பழகியிருக்கும். அப்படியானால் இப்போது கேட்பதுதான் சரியான ஒலி. ஒரு வாரம் பொறுத்துக் கேளுங்கள். இரண்டாவது, எலக்ட்ரோலிடிக்குக்குள் இயல்பாகவே சிறு மின்தடை உண்டு. பெட்டியை வடிவமைத்தவர் அதையும் கணக்கில் வைத்தே ட்வீட்டரின் அளவைத் தீர்மானித்திருப்பார். ஃபிலிமில் அந்தத் தடை ஏறக்குறைய இல்லை. ஆகவே கெபாசிட்டரோடு தொடராக அரை ஓம் முதல் 1 ஓம் வரை, 5 வாட் அல்லது 10 வாட் மின்தடை ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். பத்து ரூபாய்ச் சமாச்சாரம். மைக்ராஃபாரட் அளவை மட்டும் மாற்றாதீர்கள்; ட்வீட்டர் எந்த அலைவரிசையிலிருந்து பாடத் தொடங்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது அந்த எண்தான்.

தொண்டியிலிருந்து: பெட்டிக்குள் இலவம் பஞ்சு அடைத்தால் பாஸ் கூடும் என்கிறார்களே?

துளையில்லாத மூடிய பெட்டியில் அதில் உண்மை உண்டு. பஞ்சுக்குள் காற்று அழுந்தும்போது எழும் வெப்பத்தைப் பஞ்சு வாங்கிக்கொள்வதால், பெட்டி இருப்பதைவிடச் சற்றுப் பெரியதுபோல நடந்துகொள்ளும். ஆனால் திணிக்கக் கூடாது, உதிர்த்துப் பரப்ப வேண்டும். துளையுள்ள பெட்டியில் சுவர்களில் மட்டும் ஒட்டுங்கள். துளையின் வாயை அடைத்தால் இருந்த பாஸும் போய்விடும். தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சே போதும்.

தேவிபட்டினத்திலிருந்து: காங்கிரீட் வீடு. பாஸ் குடத்துக்குள் இருந்து வருவதுபோல முழங்குகிறது. சுவரில் கோரைப்பாய் தொங்கவிட்டும் பயனில்லை.

பாய் கீச்சொலியைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். பல அடி நீளமுள்ள பாஸ் அலைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பெட்டிகளை மூலையிலிருந்து வெளியே எடுங்கள். தரையும் இரண்டு சுவரும் சேரும் மூலை, அடிக்குரலை ஊதிப் பெருக்கும். ஆனால் அளவு பார்த்து நகர்த்துங்கள். சுவரிலிருந்து சரியாக 1 மீட்டரில் வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் வாக்கில் நேர் ஒலியை எதிர்த்து அழிக்கும், மத்தளம் உயிரிழந்துவிடும். அரை அடி அரை அடியாக நகர்த்திக் கேளுங்கள். அதிலும் அடங்காவிட்டால் பின்துளையில் ஒரு பழைய காலுறையைச் சுருட்டிச் செருகிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் உருவிவிடலாம், செலவில்லை. மூலையில் வலையைக் குவித்து வைத்திருக்கும் வீடுகளில் எதிரொலி குறைவாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். அதற்காக வலை வாங்கச் சொல்லவில்லை.

ராமேசுவரத்திலிருந்து ஒரு சகோதரி: இரண்டு பெட்டியும் பாடுகின்றன. ஆனால் பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் அலைகிறது. பாஸும் மெலிந்துவிட்டது.

ஒரு பெட்டியில் வயர் தலைகீழாக இருக்கிறது, அம்மா. 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைப் பெட்டியின் சிவப்பு முனையிலும் எதிர்முனையைக் கருப்பிலும் ஒரு நொடி தொடுங்கள். வூஃபர் முன்னே தள்ள வேண்டும். இரு பெட்டியிலும் அப்படியே நடந்தால் தவறு ஆம்ப்ளிஃபயர் பக்கத்து இணைப்பில் இருக்கிறது. உள்ளே ட்வீட்டரின் வயர் மாறியிருப்பதைக் கண்டால் ‘திருத்தி’விடாதீர்கள். பல கிராஸ்ஓவர்களில் அது வேண்டுமென்றே அப்படிப் போடப்படுகிறது.

உச்சிப்புளியிலிருந்து: 8 அங்குல வூஃபரை எடுத்துவிட்டு அதே அளவில் அதிக வாட் உள்ளதைப் போடலாமா? பழையதை மல்டிமீட்டரில் பார்த்தால் 8 ஓமுக்குப் பதில் 6 காட்டுகிறது.

6 காட்டுவது இயல்பு; மீட்டர் அளப்பது காயிலின் நேர்மின்தடையை மட்டும். வூஃபரை மாற்றாதீர்கள். பெட்டியின் கொள்ளளவும் துளையின் நீளமும் அந்த வூஃபருக்காகப் போட்ட கணக்கு. 1960களில் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் தொடங்கி, பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் விரித்தெழுதிய கணக்கைத்தான் உலகமே இன்றும் பயன்படுத்துகிறது. வாட் எண் அந்தக் கணக்கின் ஓர் ஓரம் மட்டுமே.

மீண்டும் பாம்பன்: ஸ்டாண்டு செய்ய பிவிசி குழாயில் கடற்கரை மணலை நிரப்பலாமா?

கூடாது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஆறே மாதத்தில் அடித்தட்டின் திருகுகள் துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் நாலு முறை அலசி வெயிலில் காயவைத்தால் அதே மணலைப் போடலாம்.