ரெண்டு, மூன்று வயதுக்கு விழுந்து எழும் சிரிப்பு: எங்கள் வீட்டில் எடுபட்டவை

மகனுக்கு ரெண்டேகால் வயது, யாராவது கால் இடறினாலே கெக்கெக்கே என்று சிரிக்கிறான், அந்த மாதிரி கார்ட்டூனோ படமோ தேடினால் எல்லாம் அடிதடியாகவே வருகிறது, மென்மையாக எதுவும் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. என் மகளுக்கு இப்போது மூன்றரை வயது. ஒன்றரை வருடமாக நானும் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவளோடு உட்கார்ந்து பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

தொடக்கத்தில், நாங்கள் சின்ன வயதில் ரசித்த ஒரு பழைய துரத்தல் கார்ட்டூனைத்தான் போட்டேன். நன்றாகச் சிரித்தாள். மறுநாள் காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் தலையில் குழம்புக் கரண்டியால் ஒரு போடு போட்டாள். போட்டுவிட்டு ஓடவில்லை. அவர் தலையையே உற்றுப் பார்த்தபடி நின்றாள். "என்னடா கண்ணு பாக்குற?" என்று கேட்டால், "வீங்கவே இல்ல" என்கிறாள். அடித்தால் தலையில் செங்குத்தாக ஒரு புடைப்பு முளைக்கும், அடுத்த நொடி சரியாகிவிடும் என்று நம்பியிருக்கிறாள். அந்த வயதில் அது பொய் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அதற்கப்புறம் எதைப் போடுவதற்கு முன்னாலும் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: விழுந்தவரின் முகம். விழுந்ததும் திருதிருவென்று விழித்து, தட்டிக்கொண்டு எழுந்து, திரும்பவும் அதே வேலையைச் செய்யப் போகிறாரா? அப்படியானால் சரி. வலியில் துடிக்கிறார், அதைப் பார்த்து இன்னொருவர் சிரிக்கிறார் என்றால் வேண்டாம். தானாக வழுக்கி விழுவதற்கும் ஒருவர் வேண்டுமென்றே தள்ளிவிட்டு விழுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் முதல் இடம் பிங்குவுக்கு. சுவிட்சர்லாந்தில் ஓட்மார் குட்மன் உருவாக்கிய களிமண் பென்குயின் குட்டி, 1990-ல் தொடராக வந்தது. ஒரு எபிசோட் 5 நிமிடம்தான். இதில் பேசும் மொழி எந்த ஊர் மொழியும் இல்லை. கார்லோ பொனோமி என்ற இத்தாலியக் கலைஞர், பழைய எபிசோடுகளில் எல்லாப் பாத்திரங்களுக்கும் அந்த உளறல் மொழியில் தானே குரல் கொடுத்தார். அதனால் டப்பிங் இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை. என் மாமியாருக்கும் மகளுக்கும் ஒரே அளவு புரிந்தது, ஒரே இடத்தில் சிரித்தார்கள். பிங்குவுக்கு ஆத்திரம் வந்தால் அலகு ஊதுகுழல் மாதிரி நீண்டு "நூட் நூட்" என்று சத்தம் வரும். என் மகள் கோபம் வந்தால் இப்போது ரெண்டு கையையும் வாயில் குவித்து அதைத்தான் செய்கிறாள். கத்திக் கீழே விழுந்து புரள்வதற்கு இது எவ்வளவோ தேவலை. ஒரே ஒரு எச்சரிக்கை: கனவில் பெரிய கடல் விலங்கு ஒன்று வந்து பிங்குவை மிரட்டும் எபிசோட் ஒன்று உண்டு. அதைத் தவிர்த்துவிடுங்கள், சின்னக் குழந்தைகள் பயந்துவிடும்.

அடுத்தது ஷான் தி ஷீப். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருக்கும் ஆர்ட்மன் நிறுவனம் 2007-ல் தொடங்கிய தொடர், ஒரு எபிசோட் சுமார் 7 நிமிடம், வசனமே கிடையாது. முதல் எபிசோடில் ஒரு முட்டைக்கோஸ் கிடைக்கிறது. ஆடுகள் அதை வைத்துக் கால்பந்து ஆடுகின்றன. பண்ணைக்காரர் திரும்பினால் எல்லாம் ஒன்றும் தெரியாத மாதிரி புல் மேயும். இந்த "திரும்பினால் சாது, அந்தப் பக்கம் போனால் ஆட்டம்" என்பது குழந்தைகளுக்கு உயிர். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்து காத்திருப்பதில்தான் அவர்களுக்குச் சிரிப்பே வருகிறது, அதனால்தான் ஒரே எபிசோடைப் பத்துத் தடவை கேட்பார்கள். போடுங்கள், சலிக்காது, அவர்களுக்கு. ஆனால் ஷான் கொஞ்சம் வேகம். ரெண்டேகால் வயதுக்கு, இதே தொடரில் வரும் ஆட்டுக்குட்டி டிம்மி பாலர் பள்ளிக்குப் போகும் டிம்மி டைம் இன்னும் பொருத்தம்.

செக் நாட்டு ஓவியர் ஸ்டெனெக் மிலரின் அகழெலி கிர்டெக்கையும் பாருங்கள். முதல் படம் 1957-ல் வந்தது. பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் பேச்சே இல்லை, அவருடைய மகள்களின் சிரிப்பும் சின்னச் சின்னச் சத்தங்களும்தான். மிக நிதானமாகப் போகும், தூங்கும் நேரத்துக்கு முன் போடலாம்.

வேகம் ஏன் முக்கியம் என்றால், 2011-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. காட்சி வேகமாக மாறும் கார்ட்டூனை 9 நிமிடம் பார்த்த 4 வயதுக் குழந்தைகள், அந்த நேரத்தில் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளைவிட, பொறுத்திருப்பது, சொன்னதை நினைவில் வைத்துச் செய்வது போன்றவற்றில் பின்தங்கினார்கள். வீட்டிலும் டிவியை அணைத்த பிறகு வரும் அழுகையை வைத்தே எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

படங்கள் பற்றியும் கேட்டீர்கள். முழுப் படம் இந்த வயதுக்கு வேண்டாம் என்பேன். ஷான் படம் (2015) ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, விலங்கு பிடிக்க வரும் ஆள் வேறு மிரட்டுவார். அதற்கு 4, 5 வயதாகட்டும். ஆனால் சாப்ளினைத் துண்டு துண்டாகக் காட்டலாம். தி சர்க்கஸ் (1928) படத்தில் அவர் தெரியாமல் சிங்கக் கூண்டுக்குள் மாட்டிக்கொள்வார். சிங்கம் தூங்கும். பக்கத்துக் கதவைத் திறந்தால் புலி. வெளியே ஒரு நாய் வந்து குரைக்கும். என் மகள் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்று, உதட்டில் விரல் வைத்து, நாயைப் பார்த்து "உஷ்ஷ்... சிங்கம் தூங்குது" என்றாள். சிங்கம் எழுந்து வந்து அவரை ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போனதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அப்படி ஒரு சிரிப்பு! அந்தக் காட்சியை மட்டும் காட்டுங்கள். படத்தின் தொடக்கத்தில் சர்க்கஸ் முதலாளி வளர்ப்பு மகளை அடிப்பது வரும். தி கிட் (1921) படத்தைக் குழந்தைப் படம் என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள், பையனைப் பிரித்து வண்டியில் ஏற்றும்போது அவன் கதறுவதை இந்த வயதுக் குழந்தை தாங்காது. தி கோல்ட் ரஷ் (1925) படத்தில் ரெண்டு முள்கரண்டியில் ரொட்டியைக் குத்தி நடனமாட வைப்பார், அதைத் தாராளமாகக் காட்டலாம். எங்கள் வீட்டில் இட்லித் துண்டுகள் ஆடுகின்றன. ஆடி முடித்ததும் வாய்க்குள் போகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2 வயதிலிருந்து 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. நாங்கள் ரெண்டு எபிசோடோடு நிறுத்துகிறோம். யூடியூப் என்றால் அந்தந்தத் தொடரின் அதிகாரபூர்வ சேனலில் மட்டும் போடுங்கள், ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். தெரிந்த கார்ட்டூன் முகங்களை வைத்துப் பயங்கரமான போலி வீடியோக்கள் வந்தது 2017-ல் பெரிய செய்தியானது.

டிவி இல்லாத நேரத்துக்கு என் கணவர் ஒன்று செய்வார். அவள் சாக்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு, "பாப்பா சாக்ஸ் எங்கே?" என்று வீடெல்லாம் தேடுவார். குனியும்போது அது பொத்தென்று விழும். "அய்யய்யோ!" என்று அதிர்ந்து, எடுத்துத் திரும்பவும் தலையிலேயே வைப்பார். நேற்று இரவு பதினோரு தடவை சாக்ஸ் விழுந்தது. பன்னிரண்டாவது தடவை அவளே அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, "என் சாக்ஸ் எங்கே?" என்று தேடப் போய்விட்டாள்.