தாத்தாவின் டிரங்குப் பெட்டி

கே: என் தாத்தா நாடகக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். அவர் பெட்டியில் நாற்பது பாட்டுப் புத்தகங்கள், கொஞ்சம் நாடக நோட்டீஸ்கள். தொட்டாலே ஓரம் உதிர்கிறது. ஸ்கேனர் வாங்கலாமா? இணையத்தில் போட்டால் வம்பு வருமா?
– வாசகி, பெரம்பூர்

ப: ஸ்கேனர் வேண்டாம்மா. உதிர்கிற புத்தகத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு போய்விடும். ஜன்னலோரம் கறுப்புத் துணி விரித்து, மேலிருந்து செல்போனில் நேராகப் படமெடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் சுருங்கி, புள்ளியெல்லாம் போய்விடும். கோணலை நிமிர்த்தவும் ஓரம் வெட்டவும் ஸ்கேன் டெய்லர் என்ற ஓபன் சோர்ஸ் மென்பொருள் போதும்.

படமெடுத்த அன்றே கோப்புக்குப் பெயர் வையுங்கள். நாடகத்தின் பெயர், அச்சகம், ஊர், விலை, எல்லாம். நான் பட்டு அறிந்தது இது. ஒருமுறை நூற்றுக்கணக்கான நோட்டீஸ்களைப் படமெடுத்து, வெறும் எண்களாகப் போட்டுவைத்தேன். ஒரு வருஷம் கழித்துத் திறந்தால் எந்தப் பின்பக்கம் எந்த நோட்டீஸுக்கு என்று எனக்கே தெரியவில்லை. அசலையும் அதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

படத்தில் உள்ளதை, திருத்தவும் தேடவும் கூடிய எழுத்தாக்க டெசராக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. 2005-ல் ஓபன் சோர்ஸாக வந்தது. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் தும்பிக்கை வைத்த 'லை', 'னை' வரும்போது தடுமாறும். துணைக்காலை 'ர' என்று படித்துவிடும். மனிதக் கண்தான் திருத்த வேண்டும். பழைய நூல்களை இணையத்தில் ஏற்றும் தமிழ் விக்கிமூலத்தில் அப்படித் திருத்துபவர்கள் இருக்கிறார்கள்: சிவப்பில் இருக்கும் பக்கத்தை ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை.

வம்பு? எழுதியவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1964-ல் இறந்தவர் பாட்டு 2025 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து, யாரும் இணையத்தில் போடலாம். அட்டைப்படம் வரைந்தவர் கணக்கு தனி, மறந்துவிடாதீர்கள்.

அப்புறம், அசலைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா ஒருவராகச் சேர்த்ததுதான் 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. தரமணியில் இருக்கும் அந்த நூலகத்துக்குப் போய் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கே: ஓபன் சோர்ஸ் என்றால் ஓசி என்றுதானே அர்த்தம்?
– வாசகர், குரோம்பேட்டை

ப: ஓசியும்தான், ஆனால் விஷயம் அதில் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கட்டுரை ஒன்றைப் போன மாதம் திறந்தேன். 'தமிழ்' இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி! யாரோ ஒரு தன்னார்வலர் எழுதி, நிரலையும் திறந்துவைத்திருந்த மாற்றிதான் அதை, எந்தக் கணினியும் படிக்கும் யூனிகோடு எழுத்தாக்கியது. 'ஞ' மட்டும் தப்பாக வந்தது. நிரலில் அந்த வரியைத் தேடி, நானே திருத்திக்கொண்டேன்.