ஒன்பது நாளில் நிறுத்திய மாத்திரை

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டவர். ஓய்வுபெற்று, லயத்து வீட்டைக் காலி செய்து டவுன் பிளாட்டுக்கு வந்தபின் ஆளே மாறிவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். அரசாங்கக் கிளினிக்கில் மனச்சோர்வு என்று செர்ட்ராலின் 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். குமட்டுகிறது என்று ஒன்பது நாளில் நிறுத்திவிட்டார். செரோடோனின் கதையே பொய், மாத்திரை வீண் என்று தம்பிக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. மூக்கில் அடிக்கும் புது மருந்து வாங்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தம்பிக்கு வந்தது பாதி சரி. மனச்சோர்வுக்கு, மூளையில் சேதி கடத்தும் செரோடோனின் என்ற ரசாயனம் குறைவதுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-இல் மனநல மருத்துவர் ஜோவன்னா மான்கிரீஃப் குழு, பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது. மாத்திரை பலன் தருகிறதா என்பதை அவர்கள் ஆராயவில்லை. அதை ஆராய்ந்தது 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பு: 522 சோதனைகள், 21 மருந்துகள். இருபத்தொன்றும் வெற்று மாத்திரையைவிட மேல்தான். ஆனால் வித்தியாசம் பெரிதல்ல. உடம்பில் தைலம் குறைந்ததாலா தலை வலிக்கிறது? தடவினால் கேட்கிறதே.

குமட்டல் முதல் சில நாளிலேயே வரும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். பலனோ இரண்டு முதல் நான்கு வாரத்தில்தான் தலைகாட்டும். முழுசாகத் தெரிய ஆறு, எட்டு வாரம்கூட ஆகும். அம்மா நிறுத்தியது கஷ்டம் மட்டும் தெரிகிற நாட்களில். அதே கிளினிக்குக்குப் போய், 25 மில்லிகிராமில் மறுபடி தொடங்கலாமா என்று கேளுங்கள். வயிறு காலியாக வேண்டாம், பசியாறிய பிறகு போடட்டும். தைராய்டு, ரத்தசோகை, பி12 பரிசோதனை ஆகிவிட்டதா என்றும் விசாரியுங்கள். இவையும் இதே சோர்வைத் தரும்.

முட்டிவலிக்கு என்ன போடுகிறார்? பலர் இதை டாக்டரிடம் சொல்வதே இல்லை. டைக்லோஃபெனாக், இபுபுரூஃபென் செர்ட்ராலினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். டிரமடோல் இன்னும் ஆபத்து. ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர் என்றால் உப்புச் சத்து இறங்கித் தலைசுற்றல், குழப்பம் வரலாம். எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மூக்கு மருந்து எஸ்கெட்டமின். 2019-இல் அமெரிக்கா அனுமதித்தது, இரண்டு மருந்தாவது முயன்றும் கேட்காதவர்களுக்கு. கிளினிக்கிலேயே அடித்து இரண்டு மணி நேரம் கண்காணிப்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பேச்சே இப்போது இல்லை.

மூன்று மணி விழிப்பைப் 'பெரட்டுக்குப் (தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு) போன பழக்கம்' என்று விட்டுவிடாதீர்கள். பழக்கத்தில் எழுந்தவர் அடுப்பைப் பற்றவைப்பார். இவர் உட்கார்ந்தே இருக்கிறார். 'நான் இருந்து என்ன' என்ற பேச்சு வந்தால் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமானால் மலேசிய சுகாதார அமைச்சின் உதவி எண் 15555. வீட்டில் களைக்கொல்லி இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

மாத்திரையோடு இன்னொன்று. மனசு வரட்டும் என்று காத்திராமல், கடிகாரப்படி சின்ன வேலைகளைச் செய்ய வைப்பது. இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த சோதனையில் (2016) இது, சிந்தனையை மாற்றும் சிகிச்சைக்குச் சளைக்கவில்லை. காலை ஏழு மணிக்குப் பத்து நிமிட நடை, ஐந்து மணிக்கு பிளாட் வாசலில் இரண்டு தொட்டி கறிவேப்பிலைக்குத் தண்ணீர். முதல் வாரம் அவ்வளவே. முன்னும் பின்னும் மனசு எப்படி என்று பத்துக்கு ஒரு எண் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த தடவை கிளினிக்கில் காட்டுங்கள்.